எஸ்தர் அக்கா இளைத்தபோது

ஹடப்சர் சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தபோது மருத்துவமனையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எஸ்தர் அக்கா இறந்துவிட்டார். உணவுக்குழாயில் புற்றுநோய். கீழே வரிசையாகக் கூப்பிய கை எமோஜிகள். விரலால் பழைய செய்திகளுக்குப் போனேன். சில மாதங்களுக்கு முன், அவர் இளைத்துவிட்டார் என்று இதே ஆட்கள் போட்ட கைதட்டல் எமோஜிகள்.

கிர்க்கித் தமிழர்களான உங்களில் பலருக்கு அவர் ஆலயப் பாடகர் குழுவின் கனத்த குரல். நான் மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்தவள். உடல் எடைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அஜீரணத்துக்கும் என்ன தொடர்பு என்று ஓர் ஆய்வு. வருபவர்களை எடை பார்த்துக் கேள்வி கேட்பது அவர் வேலை. பதில்களைக் கணினியில் ஏற்றுவது என்னுடையது.

எடை பார்க்கும்போது எல்லோரையும் சுவர் பக்கம் திருப்பி நிறுத்துவார். எண் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிரும். விதிகளில் அப்படி ஒன்றும் இல்லை. கோந்த்வாவிலிருந்து வந்த ஒரு பெண் ஏறவே மாட்டேன் என்று நின்றாள். "நம்பர் மெஷினுக்கும்மா, உனக்கில்ல. நீ காலண்டரப் பாரு" என்று இந்தியில் சொன்னார் அக்கா. அவள் சிரித்துவிட்டு ஏறினாள். பிறகு என்னிடம், நம் தமிழில்: "குண்டா இருக்கவளுக்கு அது தெரியாதாட்டி? ஊரே சொல்லுது. நாமளும் சொல்லணுமா?"

அவரும் பெரிய உடம்புக்காரர். மதியம் டப்பாவைத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இன்றைக்கும் சோறா, எஸ்தர்ஜி? "கேட்டா தாரேன். எட்டிப் பாத்தா தரமாட்டேன்."

அவருக்கும் நெஞ்செரிச்சல் இருந்தது. வருடக்கணக்காக. பிறகு, விழுங்கும் சோறு நெஞ்சுக்கு நடுவில் நிற்க ஆரம்பித்தது. ஆய்வை நடத்தும் எங்கள் மருத்துவரிடம் சொன்னார். எண்டோஸ்கோப்பி பார்க்கலாமா என்று அக்காவே கேட்டார். "முதல்ல உடம்பைக் குறை, எஸ்தர். எல்லாம் சரியாயிடும்." மருத்துவர் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சொன்ன பதில். அதற்கு அவருக்கு அக்காவை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தால் போதுமாக இருந்தது.

எங்கள் ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. முயற்சி செய்யாமலே எடை குறைகிறதா? ஆம் என்றால் அந்த ஆளை ஆய்விலிருந்து விலக்கி, உடனே எண்டோஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டும். விழுங்கச் சிரமம் என்றாலும் அப்படித்தான். அக்கா இந்தக் கேள்வியை மட்டும் இரண்டு முறை கேட்பார். "தானா இளைச்சதா, நீங்க இளைச்சீங்களா?" பலரை அப்படி அனுப்பியிருக்கிறார்.

மழைக்காலத்தில் அக்கா இளைத்தார். வளையல் முழங்கைக்கு ஓடியது.

"அரே வா!" என்றார் மருத்துவர். "கடைசியில என் பேச்சைக் கேட்டுட்ட."

"நான் ஒண்ணும் பண்ணல டாக்டர். சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"அதுதான் டயட்!"

அறையே சிரித்தது. யாரோ பேடா வாங்கி வந்தார்கள். அக்கா தன் பங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என் மேசைக்கு வந்ததும் அதை என் டப்பாவில் போட்டார். "ஏட்டி, நான் நம்ம ஆய்வுக்கு வந்தவளா இருந்தா, என்னை அன்னைக்கே அனுப்பிருப்பேன்."

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போனார். அதற்குள் முற்றிவிட்டது என்றார்கள். அந்த 'அதற்குள்' யாருடைய கையில் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ஆலயத்தில் எங்கள் மருத்துவர் பேசினார். எப்போதும் சிரித்த முகம் என்றார். பெட்டி இலேசாக இருந்தது என்றார்கள், தூக்கியவர்கள்.

இப்போது எடை பார்ப்பதும் நான்தான். எல்லோரையும் சுவர் பக்கம் திருப்புகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது. பிறகு, அந்தக் கேள்வி.

நேற்று மருத்துவர் புதுச் சட்டையில் வந்தார். பழையதெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். எல்லோரும் பாராட்டினார்கள்.

"தானா இளைச்சதா சார், நீங்க இளைச்சீங்களா?"

அவர் சிரிப்பு நின்றது.

இரண்டாம் முறையும் கேட்டேன்.