ஒன்பது தலை எடுத்த திருமூர்த்தி

ராவணனை எங்கள் அப்பாவிடம் ஒப்படைத்திருந்தால் போரே நடந்திருக்காது. ஒன்பது தலையை நைசாகக் கழற்றிவிட்டு, கழற்றியது உடம்புக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். மூவுலகிலும் அந்த வித்தை தெரிந்தவர் அமெரிக்காவில் சன்னிவேலில் குடியிருக்கும் திருமூர்த்தி ஒருவர்தான்.

நிஜமாகவே அதுதான் அவர் உத்தியோகம். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் நடிக்கிற மென்பொருளை அவர் கம்பெனி செய்கிறது. சவுண்ட், பிரிண்டர் எல்லாம் வேண்டாதவர்களுக்கு அதில் ஒரு சின்னப் பதிப்பு. எடுத்துவிட்ட ஒவ்வொரு வசதியின் இடத்திலும் அப்பா ஒரு பொம்மை ஃபங்ஷன் வைப்பார். ஸ்டப் என்று பெயர். யாராவது கூப்பிட்டால், "அந்த வசதி இல்லை" என்று சொல்லிவிட்டு அது சும்மா இருக்கவேண்டும். கோயம்புத்தூரிலிருந்து விமானம் ஏறி வந்து, ஒன்றும் செய்யாத ஃபங்ஷன்களை எழுதிச் சம்பளம் வாங்குகிறார் மனுஷர். ஹைஸ்கூலில் ஒன்றும் செய்யாமல் இருக்கும் என்னை மட்டும் திட்டுவார்.

இரண்டாயிரமாவது வருஷம், மார்ச் மாதம். வெள்ளிக்கிழமை டெமோ. ஆனால் அந்தச் சின்னப் பதிப்பு ஓடிக்கொண்டே இருக்கும்போது சிலையாக நின்றுவிடும். டெமோ கவிழ்ந்தால் ப்ராஜெக்ட் போகும், கிரீன் கார்டு ஃபைலும் போகும், நாங்கள் மூன்று பேரும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கைப்பட நாற்பது வசதிகளை எழுதி என்னிடம் நீட்டினார்.

"ஒவ்வொண்ணா அமுக்கிப் பாரு கண்ணு. இல்லைன்னு வந்தா டிக் போடு. வேறெதாச்சும் வந்தா என்னைக் கூப்புடு."

மூன்று நிமிஷத்தில் நாற்பதுக்கும் டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஸ்டப்பில் தப்பில்லை என்று முடிவு கட்டி, நான்கு நாள் வேறெங்கெங்கோ தேடினார். உப்பில்லாத குழம்பை நன்றாக இருக்கிறது என்றார். டெஸ்க்டாப்பைப் படம் பிடித்து வால்பேப்பராக வைத்து, ஓடாத ஐகான்களை அரைமணி நேரம் அவரை அமுக்கவிடுவது என் வழக்கம். அந்த வாரம் அதில் கை வைக்கவில்லை. மனசு வரவில்லை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏனுங்க, புளி நெறஞ்சிருக்குதுங்க."

எங்கள் வீட்டில் ஒரு பொருள் தீர்ந்துபோனால் "இல்லை" என்று சொல்லக்கூடாது. லட்சுமி கோபித்துக்கொள்வாளாம். நிறைந்திருக்கிறது என்றால் போய் வாங்கிவா என்று அர்த்தம். அப்பா கார் சாவியை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இல்லைன்னு சொன்னா வாய் வெந்துருமா?"

"வெளக்கு வெக்கற நேரத்துல என்னடா பேச்சு இது!"

"நெறஞ்சிருக்குன்னு அப்பா நம்பி உக்காந்துட்டா? ரசத்துக்குக் காத்துக்கிட்டே இருக்கவேண்டியதுதான்."

அப்பா வாசலில் நின்றார். "என்னடா சொன்ன?"

"ரசம் வராதுன்னேன்."

சாவியைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓடினார். சவுண்டுக்கான ஸ்டப்பைத் திறந்து தலையில் கை வைத்தார். "இல்லைன்னு சொன்னா வார்னிங் வந்து அசிங்கமா இருக்குதேன்னு, ரெண்டு மாசம் முன்னாடி நானேதான் 'ரெடி'ன்னு சொல்ல வெச்சேன். அதை நம்பி உள்ளே இருக்கற கம்ப்யூட்டர் சவுண்டுக்காகக் காத்துக்கிட்டே நிக்குது!"

ஒரே ஒரு வரியை மாற்றினார். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் காலரைத் தூக்கிவிட்டேன். "நான் மட்டும் இல்லைன்னா உங்க கிரீன் கார்டு என்ன ஆயிருக்கும்ங்க அப்பா?"

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஏழாவது வரியில் சவுண்ட். பக்கத்தில் அழகான டிக்.

"அது வந்துங்க..."

"அதை விடு. இருபத்தி மூணாவது என்ன? சத்தமாப் படி."

குனிந்து பார்த்தேன். அவருடைய குண்டு குண்டான எழுத்து.

"மிக்ஸி."

"உன்னைத் தெரிஞ்சுதான் போட்டேன். அன்னைக்கே பார்த்திருக்கணும், பார்க்க மனசு வரலை." தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "மிக்ஸியை எங்க கண்ணு அமுக்கின? காட்டு."