கறை அக்கா கழுவிவிட்ட சொட்டு

விடுதியின் சலவைக்கூடத்தில் அவளைக் கறை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மை, துரு, ரத்தம், எதுவானாலும் துணி அவள் மேசைக்கு வந்துவிட்டால் போதும், கறை போன இடம் தெரியாது.

மாதவிலக்கு நின்று ஏழு வருடம் ஆகியிருந்தது. அன்று வேலைக்கு நடுவே கழிவறைக்குப் போனவள், உள்பாவாடையில் சின்னதாக ஒரு சிவப்பைப் பார்த்தாள். மூளை யோசிப்பதற்குள் கை குழாயைத் திறந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் கசக்கி, அலசி, பிழிந்த பிறகுதான் பார்த்தது என்னவென்று உறைத்தது.

அவளுடைய அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. "போன வயசு திரும்பி வருதுடி" என்று கண்ணடித்துச் சிரித்தவள், யாரிடமும் காட்டாமல் துவைத்துத் துவைத்தே காலத்தை ஓட்டினாள். வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பைப் புற்று நுரையீரல்வரை போயிருந்தது. அந்தச் சிரிப்பு இப்போது வீட்டில் ஒரு படமாகத்தான் இருக்கிறது.

அங்கேயே இஸ்திரி போடும் நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு சொட்டுதானே அண்ணி? உடம்புச் சூடா இருக்கும்."

"எங்க அக்காவுக்கும் முதல்ல ஒரு சொட்டுதான்."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். "நடங்க, போவோம்."

"மேற்பார்வையாளர் கத்துவாரு."

"கத்தட்டும். தொண்டை அவரோடதுதானே?"

ஆஸ்பத்திரியில் பெண் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆகணும்மா. முக்கால்வாசி பேருக்கு வேற காரணமாத்தான் இருக்கும். ஆனா பார்க்காம அதைச் சொல்ல முடியாது."

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்தது. மெல்லிய குழாய் விட்டுத் துளி சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புற்றுதான். ஆனால் கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. அறுவை செய்து கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். "இதோட போதும். வேற மருந்து வேண்டாம். எடையைக் குறைங்க, சர்க்கரையைக் கட்டுக்குள்ள வைங்க, சொல்ற நாள்ல வந்து காட்டுங்க" என்றார் மருத்துவர். நாத்தனார் அங்கேயே ஓவென்று அழுதாள். நோயாளிதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய அன்று மேற்பார்வையாளர் முறைத்தார்.

"இத்தனை நாள் லீவு போடற அளவுக்கு அப்படி என்ன வியாதி?"

இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி அவள் சொன்னாள். "கர்ப்பப்பையில புற்று சார். சின்னதா இருக்கும்போதே பிடிச்சாச்சு. வேரோட எடுத்தாச்சு. இனி இங்கதான் இருப்பேன், பயப்படாதீங்க!"

மனிதர் அவசரமாகக் கொதிகலனைப் பார்க்கப் போனார். கூடமே சிரித்தது. போர்வை மடிக்கும் பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் போன மாசம் பட்டுச்சு. துவைச்சுட்டேன்டி."

"நானும்தான் துவைச்சேன். துவைச்சது போகட்டும், நீங்க வாங்க. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி."

மறுநாள் இருவரும் லீவு கேட்கப் போனபோது மேற்பார்வையாளர் நிமிரவே இல்லை. "மறுபடியுமா? எத்தனை பேரு?"

"மூணு பேரு" என்றாள் நாத்தனார், இஸ்திரியை அணைத்துவிட்டு அவர்கள் பின்னாலேயே வந்து.