கடப்பாரை திறந்த ஜன்னல்

சுவரை உடைத்தது குற்றமென்றால், வீட்டையே திருப்பி வைத்ததற்கு என்ன பெயர்? இத்தனை வருஷமாகியும் எனக்கு இது ஆறவில்லை.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். சென்னையில் கட்டடக்கலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடை முழுக்க, ஆராய்ச்சி என்று சொல்லி, உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடிசைகளில் வெப்பமானியை மாட்டிவிட்டு நானும் கூடவே வெந்தேன். அதில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் விவசாயக் கூலிகளுக்கான இருபது அரசாங்க வீடுகளுக்கு வரைபடம் போட்டேன். வாசலும் ஜன்னலும் தெற்கே. மேற்குச் சுவரில் ஊசி நுழைய இடம் கிடையாது. காற்று வரவேண்டும், வெயில் வரக்கூடாது, அவ்வளவுதான். இதையே வகுப்பில் ஒரு வருஷம் பீற்றிக்கொண்டேன்.

வீடுகள் முடிந்து ஆட்கள் குடியேறியதும் மாணவர்களைப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். பிற்பகல் மூன்று மணி. இருபது வாசலும் மேற்கே, ரோட்டைப் பார்த்து நின்றன. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் காரில் இருந்தபடியே பார்க்க வசதியாக, அலுவலகத்தில் யாரோ என் வரைபடத்தைக் கால் சுற்று திருப்பிவிட்டார்கள். அவர் பார்த்தது கால் மணி நேரம். உள்ளே இருப்பவர்கள் ஆயுசு முழுக்க வேகவேண்டும்.

கடைசி வீட்டில் மட்டும் தெற்குச் சுவரில் முறம் அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதன் முன்னால் அரசாங்கப் பொறியாளர் ஒரு தாளோடு நின்றார். நாற்று நட்டுப் பிழைக்கும் அந்த வீட்டுக்காரம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். இந்த ஓட்டை உங்க வரைபடத்துல இல்லேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. அரசாங்கச் சுவரை இடிச்சதுக்கு வீட்டை இந்தம்மாகிட்டேர்ந்து எடுத்துடலாம்" என்றார் பொறியாளர்.

எனக்குள் வீரம் பொங்கியது என்று எழுத ஆசைதான். பொங்கியது சம்பள நினைப்புத்தான். நான் வேலை பார்க்கும் கல்லூரியும் அரசாங்கத்துடையது. "முதல்ல வெப்பத்தைக் குறிக்கணும்" என்று சொல்லி வீட்டுக்குள் ஒளிந்து, வெப்பமானியைச் சுவரில் மாட்டினேன்.

அந்த அம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"அத்த இன்னாத்துக்கு சார் மாட்டிக்கினுகீற? உன் மூஞ்சி வேர்த்து ஊத்துது பாரு, அதுவே சொல்லுது. கொயந்தைங்கள வெச்சிகினு இதுல எப்பிடி குந்துறது? ஓட்ட போட்டப்பறந்தான் காத்து வந்துச்சி. வூட்ட புடுங்கினா நான் எங்க போவேன்?"

நேரத்தைக் கடத்தத்தான் வரைபடத்தை விரித்தேன். விரித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தெற்குச் சுவரில் ஜன்னல். அவள் இடித்த அதே இடம். இருபது வீட்டிலும் சேர்த்து, நான் போட்டபடி அமைந்தது அந்த ஓட்டை ஒன்றுதான்.

பயத்துக்கு மேல் கோபம் ஏறியது. வெளியே வந்து பொறியாளரிடமிருந்து தாளை வாங்கி எழுதினேன்: 'இந்த ஜன்னல் என் வரைபடத்தில் இருக்கிறது. இந்த வீடுதான் இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டு அவரிடமே நீட்டினேன்.

பொறியாளர் இரண்டு முறை படித்தார். "இதை மேல அனுப்பினா, திருப்பினது யாருன்னு கேப்பாங்களே சார்" என்றார்.

"கேக்கட்டுமே."

தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மேலே அனுப்பவே இல்லை. வீடு அவளிடமே இருந்தது. எனக்கு அதன்பின் அரசாங்கத்திடமிருந்து ஒரு கொட்டகை வரையக்கூட அழைப்பு வரவில்லை.

அன்று ரோட்டில் வந்த பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடிய ஓட்டத்தில் மாணவர்களை மறந்தே போனேன். பின்னால் அவள் குரல் கேட்டது.

"சார், அப்பிடியே மத்த பத்தொம்போது வூட்டுக்கும் எய்திக் குட்த்துட்டுப் போ. கடப்பார என்னாண்ட கீது."

திரும்பி வந்து எழுதிக் கொடுத்தேன். பஸ் போய்விட்டது.