நார் உரித்த சுளை

தொண்ணூறுகளின் கடைசியில் சாக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு கம்ப்யூட்டர் வேலையாகப் போயிருந்தேன். வேலைக்கு வருகிறவர்கள் மட்டும் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம். நின்றுவிட்டவர்களின் பெயரை, வருகைப் பதிவைப் பார்த்து அதுவே நீக்கிவிட வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. லீவில் போனவர், இடம் மாறியவர், இன்னொருவர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர் என்று தனித்தனி விதி எழுதி மாளவில்லை. "செலவு ஏறுது, இம்புட்டுப் போதும்" என்று மேனேஜர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மேனேஜர் ஒல்லியானவர். நெற்றியில் விபூதி கலைந்து நான் பார்த்ததில்லை. பேசும்போதெல்லாம் ஆரஞ்சுச் சுளையில் நார் உரித்துக்கொண்டிருப்பார்.

ஒரு காலை, பிரசவ லீவு முடிந்து வந்த ஸ்டோர் கிளார்க் பாஸ்வேர்டை அடித்தாள். திரை ஏற்கவில்லை. பல நாள் வராததால், நின்றுவிட்டவள் என்று கம்ப்யூட்டர் அவள் பெயரை நீக்கியிருந்தது. மறுபடியும் மறுபடியும் அடித்தாள். நான் எழுந்தேன். மேனேஜர் என் கையைப் பிடித்தார்.

"உக்காருங்க. எம்புட்டு நேரம் அடிக்குதுன்னு பாப்போம்."

"பிரசவ லீவுக்கு ஒரு விதி வேணும்னு அப்பவே சொன்னேனே சார்."

"அதுக்கு நீங்க ஒரு மாசம் கேட்டீக. இந்தப் புள்ள அழுது முடிக்க அரை மணி நேரம் போதும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பாஸ்வேர்டை மறந்துட்டேன் சார். கோவிச்சுக்கிராதீக."

"பரவாயில்லம்மா. வீட்டுக்குப் போயி நிதானமா யோசிச்சுட்டு நாளைக்கு வா" என்று ஒரு சுளையை நீட்டினார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சுளையில் ஒரு நார்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.