பாதி பானெட்டும் கரையாத மஞ்சளும்

1. மாமா தன் வெள்ளைக் காரை மாற்றிவிட்டுப் புதியது வாங்கப் போவதாகச் சொன்னார்.
2. பழையதைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு விடுவதா, ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கே கொடுத்துவிடுவதா என்பதை ஆயுத பூஜை அன்று காரைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகவும் சொன்னார்.
3. நான் பெயின்ட்டைத் தடவிப் பார்த்தேன். ரவை கொட்டியது போல் இருந்தது.
4. பெயின்ட்டைத் தேய்த்து வழவழப்பாக்கும் கார் களிமண் ஒரு கட்டி வாங்கினேன். மஞ்சள் நிறம்.
5. பாதி பானெட் முடிந்திருந்தபோது அத்தை என்னைக் குளிக்கச் சொன்னார்.
6. குளித்துவிட்டு வந்தபோது களிமண்ணுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதி ஒன்றை ஒட்டிய சந்தில் வீடு. நான் கடலூரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் வேலை. மாமாவுக்கு முழங்கால் வலி வந்தபோது கார் என்னிடம் வந்தது. அதற்கு முன் கம்பெனி பஸ்தான். பஸ்ஸில் எனக்குக் கிடைக்கும் இருக்கை எப்போதும் பின் சக்கரத்துக்கு மேலே. அதில் ஒருமுறை போய்வந்தவருக்கு மேலே சொன்ன இரண்டாவது விஷயம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

மாமா எதையும் கண்ணால் பார்த்து நம்ப மாட்டார். புடவை, கதவு, தர்பூசணி எல்லாவற்றையும் தடவித்தான் பார்ப்பார். காருக்குப் புறங்கை. எங்கள் கம்பெனி பார்க்கிங்குக்குக் கூரை கிடையாது. பக்கத்திலேயே புது ஷெட்டுக்கு இரும்பு அறுக்கிறார்கள். பறக்கும் பொடி சுடச்சுடப் பெயின்ட்டில் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளும். கழுவினால் போகாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் மாமாவின் புறங்கைக்குத் தெரியும்.

வெயிலில் செய்யக் கூடாத வேலை என்பதால் மாமா வீட்டு கார் ஷெட்டிலேயே செய்ய முடிவு செய்தேன். பூஜை அன்று காலை அவர் மங்கலம்பேட்டையில் உள்ள நிலத்துக்குப் போயிருந்தார், போர் மோட்டாருக்குப் பூஜை போட. சாயங்காலம்தான் வருவார்.

வேலை எளிது. காரைக் கழுவ வேண்டும். களிமண்ணைப் பிசைந்து தட்டையாக்க வேண்டும். ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் நின்று கை வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டு அடுத்த இடம். கட்டி தரையில் விழுந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும்; ஒட்டிய மணல் பெயின்ட்டைக் கீறிவிடும்.

அதனால் குளிக்கப் போகும்போது கட்டியைச் சுத்தமாக உருட்டி, வீட்டிலேயே சுத்தமான இடத்தில் வைத்தேன். ஆயுத பூஜை அன்று அது புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தட்டுதான்.

குளித்துவிட்டு வந்தால் மணி அடிக்கும் சத்தம். புத்தகங்கள், கத்தி, தையல் மெஷின், என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. முன்னால் வெற்றிலை மேல் மஞ்சள் பிள்ளையார், தலையில் அருகம்புல். நானும் கை கூப்பினேன். பிடித்து வைத்த மஞ்சள் காயக் காய வெடிப்பு விடும். இவர் பளபளவென்று இருந்தார்.

"அத்த, மஞ்சள எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"நீதான பெசஞ்சி தட்டுல வெச்சிருந்த. வேலைக்குப் போற பொண்ணு, இதெல்லாம் தெரிஞ்சி வெச்சிருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். ஆனா வாசனையே இல்ல. எந்தக் கடையில வாங்கின?"

"கார் சாமான் விக்கிற கடையில."

அத்தை மணியைக் கீழே வைத்தார். நான் விளக்கினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வண்டியத் தொடைக்கிறதுதான? அதுவும் ஆயுதந்தான். ஒண்ணும் தப்பில்ல."

"தப்பில்ல அத்த. ஆனா மிச்சப் பாதிக்கு அது வேணும்."

"புள்ளையாரத் தூக்கிட்டுப் போயி கார் தேய்ப்பியா?"

"வேற மஞ்சள்ல ஒருத்தரப் புடிச்சி வெச்சிட்டு, இவர…"

"டிரான்ஸ்ஃபர் குடுக்கறதுக்கு அவரு இன்னா உங்க கம்பெனியிலயா இருக்காரு?"

பூஜையில் வைத்த எதையும் மறுநாள் விஜயதசமி பூஜை வரை எடுக்கக் கூடாது. என் லேப்டாப்பைக்கூடத் தரவில்லை. கடைகளும் பூஜை போட்டுச் சாத்திவிட்டார்கள். சாயங்காலம் மாமா வந்தபோது பானெட்டின் இடது பாதி கண்ணாடி, வலது பாதி ரவை.

அவர் வலது ஹெட்லைட்டில் தொடங்கிப் புறங்கையை மெதுவாக நகர்த்தினார். சொரசொரப்பில் ஒன்றும் சொல்லவில்லை. நடுக்கோட்டைத் தாண்டியதும் கை நின்றது.

"எங்க இடிச்ச?"

"எங்கயும் இடிக்கல மாமா."

"இந்தப் பக்கம் வழுக்குதே. பட்டறையில குடுத்து பெயின்ட் அடிச்சிருக்க. சும்மா சொல்லு, லாரியா?"

"லாரி இடிச்சா பாதி பானெட்தான் போவுமா?"

"அதான் கேக்கறேன். மாடா?"

அவர் சொரசொரப்பைக் கண்டுபிடித்தால் என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருந்தேன். வழவழப்பைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

"களிமண் போட்டுத் தேய்ச்சேன் மாமா."

"எங்க அந்தக் களிமண்ணு?"

அத்தை ஹாலுக்குள் கை காட்டினார். "பூஜையில இருக்காரு."

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மாட்ட மறைக்க சாமியையே சாட்சிக்குக் கூப்புடுறீங்களே. இடிபட்ட வண்டிய உன்கிட்ட குடுத்து நான் பழி சுமக்கணுமா? கடைக்காரனுக்கே போவட்டும்."

டயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக் காரைக் கொஞ்சம் நகர்த்தினோம். பூசணிக்காயை மாமாவே உடைத்தார், கொஞ்சம் வேகமாகவே.

மறுநாள் காலை பூஜை முடிந்ததும் அத்தை பிள்ளையாரை இரண்டு விரலால் வடக்கே லேசாக நகர்த்தினார். அதோடு சாமி கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் அது வெறும் மஞ்சள். தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடுவார்கள். அத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டார்.

"கரையாது அத்த. தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது."

அத்தை கரண்டியால் கலக்கினார். பிள்ளையார் ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்தார். குங்குமம் மட்டும் லேசாகக் கலைந்தது.

"போவ மாட்டேங்கறாரேடி."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்தார். சொம்பில் கையை விட்டு எடுத்து, கட்டைவிரலால் தடவினார். கிள்ளினார். மோந்து பார்த்தார்.

"இது மஞ்சள் இல்ல."

"நேத்திலேர்ந்து அதத்தான் மாமா சொல்றேன்."

அத்தை குங்குமம் பட்ட நுனியை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு, மீதியை மாமா கையில் கொடுத்தார். நான் தண்ணீர் தெளித்தேன். மாமா வலது பாதியில் தேய்த்தார். கரகரவென்றது. இரண்டு மூன்று முறை போனதும் சத்தம் நின்றது. கட்டியைத் திருப்பிப் பார்த்தார், பழுப்பாக இருந்தது. புறங்கையை வைத்தார். மறுபடி வைத்தார்.

"மாடு இல்ல," என்றார்.

எனக்குக் கார் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கட்டிக்காகக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "நீ அழுத்துவ" என்றார். பானெட் முடிந்து கதவுகளுக்குப் போனார். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று கூரையைத் தேய்த்தார். முழங்காலைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மதியத்துக்குள் கார் முழுதும் முடிந்தது. மாமா ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

"இவ்ளோ நல்லா இருக்கற வண்டிய எவனாவது மாத்துவானா?" என்றார்.

"கடைக்கிப் போவ வேணாம்ங்கறீங்களா மாமா?"

"எங்கயுமே போவ வேணாம்ங்கறேன்."

அதே காரில் என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். ஏறும்போது காலைத் தட்டிவிட்டு ஏறச் சொன்னார்.

கார் இப்போது சிதம்பரத்தில் மாமாவிடம் இருக்கிறது. புதுக் கார் பேச்சு நின்றுவிட்டது. ஃபிரிட்ஜின் கதவையும் மாமா தேய்த்துவிட்டதாக அத்தை போனில் சொன்னார். குங்குமம் பட்ட நுனி சாமி அலமாரியில் இருக்கிறது. நான் கம்பெனி பஸ்ஸில் போகிறேன், பின் சக்கரத்துக்கு மேலே.