கிச்சுகிச்சு மூட்டிய கம்ப்யூட்டர்

எனக்கு ஒன்பது வயதானபோது, சனத்நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்கு மாமா தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். சுவரில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருந்தது. மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். "அது எர்த்து அத்தான், இல்லாட்டியும் ஓடும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

ஓடத்தான் செய்தது. கூடவே, வெறுங்காலோடு நின்று அதன் தகரப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறியது. எனக்கும் தம்பிக்கும் கம்ப்யூட்டரிலேயே பிடித்த விஷயம் அதுதான். பெரியவர்கள் இல்லாத நேரத்தில் தெருப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தொடச் சொல்வோம்.

கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்காரம்மாவை, உருதுவில் அக்கா என்பதுபோல, ஆபா என்று கூப்பிடுவோம். ஒருநாள் எங்கள் கூச்சலைக் கேட்டுப் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு மேலே வந்தவர், என்னதான் விளையாட்டு என்று பெட்டியில் கை வைத்தார். "யா அல்லா!" என்று உதறிக்கொண்டு பின்வாங்கினார். நாங்கள் சிரித்தோம். அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, என் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹாத் நக்கோ லகாவ் பேட்டா, நக்கோ!" தொடவே கூடாதாம்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். வீட்டுக்கே எர்த் இல்லை. உள்ளே ஒரு ஒயர் நழுவினால் கிச்சுகிச்சோடு நிற்காது என்றார். குழி தோண்ட வேண்டும். சுற்றிலும் சிமெண்ட், ஆபாவின் மருதாணிச் செடி நின்ற இடத்தில் மட்டும்தான் மண். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் தெருவே அதில் இலை பறிக்கும்.

கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்று அப்பா அரைகுறை இந்தியில் சொல்லிப் பார்த்தார்.

"கைக்கு? பச்சே பட்னா நை க்யா?" எதற்கு, பிள்ளைகள் படிக்க வேண்டாமா என்று கேட்ட ஆபா, தானே கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார்.

செடியை வேரோடு எடுத்துவிட்டுக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி, மாடிவரை ஒயர் இழுத்தார்கள். நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் தொட்டேன். ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று அழுதேன். ஆபாவோடு இரண்டு வாரம் டூ.

பெருநாளுக்கு முந்தின மாலை, கடையில் வாங்கிய மருதாணிக் கோனோடு அவரே வந்து என் உள்ளங்கையில் பூ வரைந்துவிட்டார். காலையில் கழுவிவிட்டுக் கீழே போய், "போன வருஷம் மாதிரி செவக்கவே இல்ல ஆபா" என்று குறை சொன்னேன்.

"ஹவ் பேட்டா" என்று ஒப்புக்கொண்டு, என் கையைத் தன் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கரண்டி சேமியாவை வாயில் ஊட்டினார். செடியைக் கொடுத்து அவர் காப்பாற்றியது அந்தக் கையைத்தான் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.