நாக்கைப் பிடித்த கிண்ணம்

தொண்ணூறுகளின் தொடக்கம். எம்.எஸ்ஸி. ஜியாலஜி கடைசி வருஷம். பூமிக்குள் பாறை பிளந்திருக்கிற இடத்தில் ஆழத்துச் சூடு தண்ணீரோடு மேலே ஏறி வரும். அப்படியானால் பிளவுக்கு மேலே வரிசையாக இருக்கிற கிணறுகள் மற்றவற்றைவிட வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதுதான் என் ப்ராஜெக்ட். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி நான் அளந்த நாலு ஆழக் கிணறுகளில் இரண்டு வெதுவெதுப்பாக இருந்தன. எனக்கு அது போதும். இரண்டையும் சேர்த்து மேற்கே நல்லூர் வரைக்கும் வரைபடத்தில் பென்சில் கோடு இழுத்துவிட்டேன். மழைக்காலத்தில் செராமிக் யூனிட்டுகளில் காயாமல் கிடக்கிற பொம்மைகளைப் பூமிச் சூட்டிலேயே காயவைக்கலாம் என்று சோறு தின்னும்போதுகூடப் பேசினேன்.

"மொதல்ல இது சரியா வருதா பாப்போம். வந்தா மேல படி, இல்லன்னா வூட்டுல இரு," என்றார் அப்பா. "நல்லூரு பக்கம் அண்ணன் போவட்டும். வயசுப் பொண்ணு கெணறு கெணறா சுத்தறதா?"

அண்ணனுக்குச் செராமிக் யூனிட்டில் வேலை. தெர்மாமீட்டரை மேலே இழுப்பதற்குள் அளவு மாறிவிடாமல், அதைச் சுற்றித் தண்ணீர் நிற்க ஒரு நீளக் கிண்ணம் செய்தான். கிளேஸ் பூச்சு போடாமல் ஒரு தரம் மட்டும் சுட்டது. வரைபடத்தில் ஏழு கிணறுகளுக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். "சரிங்க விஞ்ஞானி அம்மா," என்று மொபெட்டை மிதித்தான்.

ஞாயிறு சாயங்காலம் ஏழு கிணற்றுக்கும் அளவு எழுதிக்கொண்டு வந்தான். கோட்டின் மேல் இருந்த நாலும் சூடு. தள்ளியிருந்த மூன்றும் சாதாரணம். கூடத்தில் குதித்தேன். அப்பாகூடச் சிரித்தார்.

கழுவி வைக்கலாம் என்று கிண்ணத்தை எடுத்தவள், பழக்கத்தில் நாக்கில் வைத்தேன். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். பூச்சில்லாத சுட்ட மண் உலர்ந்திருந்தால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் குடித்திருந்தால் பிடிக்காது, காய ஒரு நாள் ஆகும். என் நாக்கை அது இழுத்துப் பிடித்தது.

"எங்கண்ணே போன?"

அவன் ஒளிக்கவும் இல்லை. "சேத்தியாத்தோப்புல வாலிபால் மேட்சு."

நல்லூருக்கு நேர் எதிர்த்திசை.

"அப்ப இந்த நம்பரு?"

"நீதான கோடு போட்டுக் குடுத்த. கோட்டு மேல இருந்தா சூடு, தள்ளி இருந்தா இல்ல. நீ சொன்னதத்தான் எழுதுனேன். அப்பா படிக்க அனுப்புவாருல்ல, அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

நாலு மாதமாக அவனிடம் பிளவு, ஆழம், சூடு என்று வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். உம் கொட்டிக் கேட்டிருக்கிறான். ஒரு வார்த்தையாவது நம்பியிருந்தால் ஒரு கிணற்றிலாவது கயிறு விட்டுப் பார்க்கத் தோன்றியிருக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். "நம்பருதான் இருக்குதே, குடுத்துட்டு வா. கூடப் பொறந்தவன எதுக்குக் காட்டிக் குடுக்கற?" என்றார்.

மறுநாள் பேராசிரியரிடம் நான் அளந்த நாலு கிணறுகளை மட்டும் கொடுத்தேன்.

"இதுல பிளவு எங்கம்மா?"

"தெரியலைங்க சார்."

பாஸ் போட்டார். மேலே படிக்கச் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்து, "கிண்ணத்தத் தா, இந்த வாட்டி நெசமாவே போறேன்," என்றான். நான் தரவில்லை. அந்தக் கோட்டில் சூடு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.